ரெண்டு சாக்ஸ் பிரசங்கம்

எங்கள் ஆலயத்தில் பிரசங்கத்தின் நீளத்தை அளக்க இரண்டு சாதனங்கள் இருந்தன. ஒன்று, மேற்குச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம். ஒருவர் தம் தகப்பனார் ஞாபகமாக அதைக் கொடுத்திருந்தார். தகப்பனார் மாதிரியே அதுவும் ஒருநாள் நின்றுவிட்டது. மற்றது, ஆர்கன் வாசித்த அண்ணாச்சியின் சாக்ஸ்.

ஆராதனை முடிந்து நாங்கள் வேப்பமரத்தடியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் அந்தச் சாக்ஸைக் கையில் பிடித்தபடி வருவார். கனத்த வெள்ளைப் பருத்திச் சாக்ஸ். குதிகால் கிடையாது, நீண்ட குல்லா மாதிரி இருக்கும். எதிரே வருபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருந்தாலும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

“தொட்டுப் பாரும்வே. பிழிஞ்சா அரை டம்ளர் வரும். இன்னைக்குப் பிரசங்கம் ஒண்ணரை சாக்ஸ்.”

தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அளவை மறுத்தவர் ஒருவரும் இல்லை.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இளவயதில் வண்ணார்பேட்டைப் பக்கம் சைக்கிளில் போனபோது ஒரு லாரி இடித்துவிட்டது. அந்தக் கதையை அவரிடம் கேட்டால் இரண்டு வரிக்கு மேல் கிடைக்காது. “லாரிக்காரன் மேல தப்பு இல்ல. என் மேலயும் தப்பு இல்ல. ரோட்டு மேலதான் தப்புன்னு கேஸ் முடிஞ்சுபோச்சு.” ஆனால் வேர்வையைப் பற்றிக் கேட்டால் உட்காரச் சொல்லிவிடுவார்.

விஷயம் இதுதான். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த குறைக்காலுக்குச் சாக்ஸ் மாட்டி, அதைக் கிண்ணம் போன்ற ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் நுழைத்து, வாரால் இறுக்கிக் கட்டினால்தான் பொய்க்கால் நிற்கும். அந்தக் கூட்டுக்குள் காற்றுப் புகாது. எங்கள் ஊரிலோ வெயில் காலம், அதைவிட வெயில் காலம் என்று இரண்டே பருவங்கள். கொஞ்ச நேரத்தில் சாக்ஸ் நனைந்துவிடும். நனைந்தால் கால் வழுக்கும். வழுக்கினால் தோல் உரசிச் சிவந்து கொப்புளம் கட்டும். காலே போனதற்கு வருத்தப்படாத மனிதர், மிஞ்சிய துண்டு வேர்ப்பதை மட்டும் நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டுக்கு ‘சின்னவன்’ என்று பெயர் வைத்திருந்தார். சேதாரமில்லாத கால் ‘பெரியவன்’. “பெரியவனுக்கு என்ன, செருப்பு மாட்டிக்கிட்டு ராசா மாதிரி வாரான். சின்னவனுக்குல்லா மூச்சு முட்டுது.”

எங்கள் சபையில் சர்க்கரை, பிரஷர், மூலம் எல்லாவற்றையும் பற்றி ஆலய வாசலில் தாராளமாகப் பேசலாம். ஆண்கள் மூத்திரப் பரிசோதனை முடிவைக்கூடப் பெண்கள் காதுபடச் சொல்லுவார்கள். வேர்வை மட்டும் பேசத் தகாத விஷயமாக இருந்தது; அதுவும் இல்லாத காலின் வேர்வை. இவருக்கு அந்த நாகரிகம் எதுவும் ஒட்டவில்லை. தூரங்களையும் வைபவங்களையும் சாக்ஸ் கணக்கில்தான் சொல்லுவார். பஸ்ஸில் ஏரல் போக ஒரு சாக்ஸ். கூடங்குளம் ரெண்டு சாக்ஸ், இறங்கும்போது மூன்றாவதை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, “பொண்ணு மாப்பிள்ளை நல்ல சோடி. சாப்பாடு சுமார். மூணு சாக்ஸ்” என்றார். கல்யாண வீட்டார் சாப்பாட்டைப் பற்றிய குறையைப் பொறுத்துக்கொண்டார்கள். மூணு சாக்ஸைப் பொறுக்கவில்லை.

வேதாகமம் வைத்துக்கொள்ளும் ஜிப் பை எல்லோரிடமும் உண்டு. அவர் பையில் வேதாகமம், பாமாலைப் புத்தகம், துவைத்து மடித்த சாக்ஸ்கள், ஒரு சிறு பூத்துவாலை ஆகியவை இருந்தன. துவாலைக்கும் வேதாகமத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். “வசனம் நனையப்படாதுல்லா” என்பார்.

பிழைப்புக்கு முருகன்குறிச்சி பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். மதியம் வகுப்புக்கு நடுவே பொய்க்காலைக் கழற்றி ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டு, சின்னவனுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டே பாடம் நடத்துவார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, ஷூ போட்ட கால் ஒன்று ஜன்னலோரம் தனியாக நிற்பதைக் கண்டு அலறிவிட்டாள். “பயப்படாத தாயி, அது என்னுதுதான். நீ அடி” என்றாராம். அந்தப் பெண் பிறகு அங்கேயே ஹையர் பரீட்சை வரை முடித்தாள்.

வேர்வைக்கு மருந்து சொல்லாதவர் ஊரில் இல்லை. போன காலுக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது; வேர்வைக்காவது யோசனை சொல்லி ஆறுதல் அடையலாம் என்பது காரணமாக இருக்கலாம். அவர் எதையும் தட்டவில்லை. முடிவெட்டுகிறவர் படிகாரக் கட்டியைக் கொடுத்துத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னார், கொஞ்சம் கேட்டது. ஏரல் பக்கத்து வைத்தியர் ஒருவர் ஆவாரம்பூப் பொடி கொடுத்தார். சாக்ஸ் மஞ்சளாகியது, வேர்வை வேர்வையாகவே இருந்தது. “சின்னவன் சடங்கான புள்ள மாதிரி இருந்தான்வே” என்றார். ரோஜா வாசனைப் பவுடர் போட்டுப் பார்த்தார். பவுடர் வேர்வையில் குழைந்து கூட்டுக்குள் களியாகிக் கட்டிகட்டியாக உருண்டு தோலைப் பிறாண்டியது. பலன் ஒன்றே ஒன்று: பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிற பெண்கள் அன்று வாசனை எங்கிருந்து வருகிறது என்று மூன்று பாட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைவாள் சைவர், பழைய ரெவின்யூ ஆசாமி, வீட்டிலேயே திருநீறு தயாரிக்கிறவர். அவர் ஒரு டப்பா நிறையச் சாம்பல் கொண்டுவந்தார்.

“ஈரத்த உறிஞ்சுதுக்கு இத மிஞ்சி ஒண்ணு கெடையாது அண்ணாச்சி.”

“ஐயையோ, திருநீறா? கால்ல போடலாமாவே? உங்க சாமி கோவிச்சுக்கிடாதா?”

“சாமி முன்னால வைக்கிறதுக்கு முந்தி அது வெறும் சாம்பல்தான். நான் இன்னும் வைக்கல.”

“எங்க ஆளுங்க கேட்டா?”

“கேட்டா அடுப்புச் சாம்பல்ன்னு சொல்லும். உம்ம ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?”

சாம்பல் நன்றாகவே உறிஞ்சியது என்று என்னிடம் சொன்னார். ஆனால் பவுடருக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது.

கடைசியில் ஒரு கோடையில் தோல் வெடித்துச் சீழ் பிடித்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டருக்கு அதுவரை போட்ட மருந்துகளின் பட்டியலைக் கேட்டு முடிக்கவே வெகுநேரம் ஆனதாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இரவு படுக்கும்போது காலைச் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு லோஷன் தடவ வேண்டும். காலையில் அதைக் கழுவிவிட வேண்டும். பகலில் நனைந்த சாக்ஸை உடனே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்க்காலை அவ்வப்போது கழற்றிச் சின்னவனைக் காற்றில் உலரவிட வேண்டும். பிறகு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இன்னொரு தடவை இப்படிப் புண்ணாகி எலும்பு வரை போனால் முழங்காலுக்கு மேலேதான் வெட்ட வேண்டியிருக்கும்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது சாக்ஸைக் கையில் பிடித்திருக்கவில்லை. “முட்டி போச்சுன்னா மிதிக்க முடியாதுவே” என்று மட்டும் சொன்னார்.

மிதிப்பது என்று அவர் சொன்னது எங்கள் ஆர்கனை. வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற பழைய ஆர்கன் அது. இரண்டு காலாலும் மாறிமாறி மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே காற்று ஏறி ஓசை வரும். புண் ஆறும்வரை அவர் பெரியவனை மட்டும் வைத்து மிதித்துப் பார்த்தார். ஆர்கனுக்கு இழுப்பு நோய் வந்ததுபோல் ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்கியது. நாங்களும் அதனோடு சேர்ந்து மூச்சு வாங்கிப் பாடினோம். புண் ஆறிப் பொய்க்காலை மறுபடி மாட்டிய ஞாயிறு அன்று அவர் வாசித்த வேகத்துக்குப் பாட்டு எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது.

டாக்டர் சொன்னபடி உலர்த்துவதற்கு அவர் கண்டுபிடித்த நேரம் பிரசங்க நேரம். பிரசங்கத்தில் ஆர்கனுக்கு வேலை இல்லை. ஆர்கனைச் சுற்றி இடுப்பளவு மரத் தட்டி இருந்தது. வசனம் வாசித்து முடித்ததும் அதன் மறைவில் காலைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சின்னவனைத் துவாலையால் துடைத்து, வெறுமனே விட்டு உட்கார்ந்திருப்பார். பிரசங்கி முடிக்கும் தொனிக்கு வரும்போது புதுச் சாக்ஸோடு மாட்டிக்கொள்வார். அப்போதிருந்த ஐயருக்கு ஆஸ்துமா. (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) அவரால் நீளமாகப் பேச முடியாது, யாருக்கும் தொந்தரவில்லை.

ஆர்கனுக்கு மேலே ஒரு மின்விசிறி போட்டால் நல்லது என்று அண்ணாச்சி கமிட்டிக்குச் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஆலயத்தில் விசிறிகள் ஞாபகார்த்தமாகத் தொங்குகிறவை. ஒவ்வொன்றின் இறக்கையிலும் இறந்தவர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கும். அவரவர் குடும்பம் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே அவரவர் விசிறி. ஆர்கனுக்குக் குடும்பம் கிடையாது. “பெரியவங்க யாராவது கண்ண மூடட்டும் அண்ணாச்சி, பாத்துக்கிடுவோம்” என்றார் பொருளாளர். அண்ணாச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். விடுதி மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, வசதியானவர், தனிக்கட்டை, அப்போது படுக்கையில் இருந்தார். அவரை எல்லோரும் மேட்ரன் அக்கா என்போம். அண்ணாச்சி வாராவாரம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனார். மூன்றாம் வாரம் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

“ஏலே, என்னையப் பாக்க வாரியா, ஃபேனப் பாக்க வாரியா?”

“ரெண்டும்தான் எக்கா.”

மேட்ரன் அக்கா சிரித்த சிரிப்பில் பாதி நோய் போய்விட்டது. மீதியும் அடுத்த மாதம் போய், முன்வரிசையில் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டார். விசிறி வரவில்லை.

பிறகு ஆஸ்துமா ஐயர் மாற்றலாகிப் புது ஐயர் வந்தார். நல்ல உயரம், மணி போன்ற குரல், எபிரெயச் சொற்களுக்கு விளக்கம். முதல் ஞாயிறே ரெண்டு சாக்ஸ். எங்கள் பிரசங்க பீடம் உயரமானது. அங்கிருந்து பார்த்தால் மரத் தட்டிக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். பிரசங்கத்தில் ஆபிரகாம் மகனைப் பலியிட மோரியா மலை ஏறிக்கொண்டிருந்தபோது ஐயரின் கண் ஆர்கன் பக்கம் போயிற்று. ஷூ அணிந்த கால் ஒன்று ஆர்கன் மேல் சாய்ந்து நிற்பதையும், அதன் உரிமையாளர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பதையும் கண்டார். ஆபிரகாம் மலையிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று.

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கு அண்ணாச்சியை அழைத்தார்கள். நான் காரியதரிசி என்பதால் முழுவதும் உடனிருந்தேன். முதலில் ஷூ. ஆலயத்துக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரும்போது ஒருவருடைய காலில் மட்டும் ஷூ இருக்கலாமா? அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார்: ஷூவைக் கழற்றினால் குதிகால் உயரம் குறைந்து பொய்க்கால் பின்னால் சாயும். “மல்லாந்து விழுந்துருவேன்.” இதன் மேல் விவாதம் நடந்தது. ஷூ, காலின் பகுதியா, காலணியா என்று பொருளாளர் கேட்டார். காலே காலின் பகுதி இல்லாதபோது இந்தக் கேள்வி எழாது என்றார் ஒரு வக்கீல். வாரம் ஒருமுறை ஷூவின் அடியைத் துடைத்துக்கொண்டு வருவது என்று முடிவாகியது.

அடுத்து ஐயர் பேசினார். “பிரதர், இது தேவ சந்நிதி. ஆராதனை நடக்கும்போது சரீர உறுப்பைக் கழற்றி வைப்பது சந்நிதிக்குத் தகுந்த ஒழுங்கு இல்லை. வேர்வை எல்லோருக்கும்தான் வருகிறது. நானும் அங்கிக்குள் வேர்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். சொல்லிக்கொண்டா திரிகிறேன்?”

“சொன்னாத்தான் ஐயா தெரியும்” என்றார் அண்ணாச்சி.

ஐயரின் முகம் சிவந்தது. ஆராதனை நேரத்தில் இனிமேல் காலைக் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பொருளாளர் உடனே அன்பாக ஒரு வழி காட்டினார். அவருடைய தம்பி குவைத்திலிருந்து ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டு அனுப்பியிருக்கிறார். மிதிக்கவே வேண்டாம். தம் மருமகன் நன்றாக வாசிப்பான். “உம்ம நல்லதுக்குத்தான் அண்ணாச்சி சொல்லுதோம். எவ்வளவு காலம்தான் மிதிப்பீரு? வீட்ல கால நீட்டி உக்காரும்.”

“ஒத்தக் கால நீட்ட வீடு எதுக்குவே, கோயிலே போதும்” என்றார். பிறகு ஐயரைப் பார்த்தார். “சரி ஐயா. ஆராதனைல கழட்டல. கழட்டுனா மருமகப்பிள்ளையக் கூப்பிட்டு உக்கார வச்சிருங்க.”

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்தது. அந்த ஆராதனையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராகப் பிரசங்கம் செய்வார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாட்டு. மூன்று மணிக்கு மணி அடித்த பிறகுதான் ஆசீர்வாதம். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும் மூன்று மணிக்கு முடிந்ததாக எனக்கு நினைவில்லை. பங்குனி வெயிலில், கழற்றாமல், ஏழு பிரசங்கம். ஒன்று சின்னவன் போவான், அல்லது ஆர்கன் போகும். பொருளாளரின் மருமகன் கீபோர்டைப் பட்டுத் துணியால் மூடி, முன்வரிசையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் வார்த்தைக்கு வெளியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயர் வந்திருந்தார். உருக்கமாகப் பேசினார். பேசவேண்டியதை எல்லாம் பேசி முடித்து, “கடைசியாக ஒரு காரியம்” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிரசங்கிகள் ‘கடைசியாக’ என்று சொன்னால் பாதி முடிந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ‘முடிவாக’ ஒன்று உண்டு, ‘இறுதியாக’ ஒன்று உண்டு, ஒரு கதையும் உண்டு. சபைக்கு இது தெரியும். அந்த இடத்தில்தான் பலரும் வசதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். அண்ணாச்சி அன்று ‘கடைசியாக’ என்பதை அப்படியே நம்பினார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

ஆர்கன் ஒலித்தால் எழுந்து நிற்பது எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே உடம்பில் ஊறியது. சபை முழுதும் எழுந்து முழுத் தொண்டையில் பாடியது. அந்தப் பாட்டை அவ்வளவு நன்றியோடு நாங்கள் பாடி நான் கேட்டதில்லை. வெளியூர் ஐயர் கடைசிக் காரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் பாடினார்.

இரண்டாம் வார்த்தைக்குக் கல்லூரிப் பேராசிரியர். அவரும் ‘கடைசியாக’ என்றார். மூன்றாவது, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. அவர் ஒருவர்தான் தாமாக, நேரத்தோடு முடித்தார். நான்காவது பொருளாளர். அவர் உஷாராக இருந்தார். ‘கடைசியாக’வைத் தவிர்த்து, “சுருக்கமாகச் சொன்னால்” என்றார். அதற்கும் பாட்டு வந்துவிட்டது.

ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதை நம் ஐயர் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது; முடிவைக் காட்டும் ஒரு சொல்லும் இல்லாமல் பேசினார். கர்த்தருடைய சரீரம் பட்ட பாட்டை, அந்த வெயிலை, புழுதியை, உடம்பின் தண்ணீரெல்லாம் வேர்வையாக வடிந்துபோனதை அவர் வர்ணித்தபோது பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. கர்த்தர் தம் சரீர வேதனையை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார் என்றும் சொன்னார். உண்மையிலேயே நல்ல பிரசங்கம். அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. நான் ஆர்கன் பக்கம் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு கையாலும் தட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. காலைக் கழற்றக் குனியவில்லை.

ஐயர் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு நொடியில் முன்வரிசையிலிருந்து மேட்ரன் அக்கா உரத்த குரலில், “ஆமென்!” என்றார்.

ஆர்கன் ஒலித்தது. நாங்கள் எழுந்தோம்.

ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் ஏறின வேகத்தில் இறங்கினார்கள். ஏழாம் பாட்டும் முடிந்தபோதுதான் யாருடைய வாழ்நாளிலும் நடக்காத ஒன்று நடந்திருப்பது தெரிந்தது. மூன்று மணிக்கு இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தது. பேச ஆள் இல்லை. பாட்டு இல்லை. மணி அடிக்காமல் ஆசீர்வாதம் சொல்ல முடியாது. சொல்லிச் சபையை மூன்று மணிக்கு முன்னால் அனுப்பினால் ஊரே சிரிக்கும்.

ஐயர் பீடத்துக்கு முன்னால் வந்து நின்று, “மணி அடிக்கும்வரை மௌனமாக அமர்ந்திருப்போம்” என்றார்.

அமர்ந்தோம். தட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. சண்டைக்கான குரல் இல்லை. கடையில் விலை விசாரிப்பதுபோல் இருந்தது.

“ஐயா, ஒரு சந்தேகம். இந்த மௌனம் ஆராதனைல சேத்தியா, சேராதா?”

ஐயர் தட்டிப் பக்கம் திரும்பினார்.

“சேத்தின்னா இப்படியே இருந்துக்கிடுதேன். சேராதுன்னா சின்னவனக் கொஞ்சம் வெளிய எடுக்கணும். தொலி உரிஞ்சுட்டுன்னு நெனைக்கேன்.”

சேராது என்றால் ஆராதனை முடிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். சேர்த்தி என்றால் அந்த மனிதர் இன்னும் அரைமணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். ஐயர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். பொருளாளர் தம் குடும்ப விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் பட்டுத் துணியின் ஓரத்தைச் சற்றுத் தூக்கினார். மேட்ரன் அக்கா ஒரு பார்வை பார்த்ததும் கீழே விட்டார்.

ஐயரின் அங்கி முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் ஆர்கன் அருகே நடந்துபோனார். தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று என்னால் இருந்த இடத்திலிருந்து காண முடியவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, மணி போன்ற அந்தக் குரலில் சொன்னார்: “எல்லோரும் கண்களை மூடி, ஜெப சிந்தையோடு தரித்திருப்போம்.” பிறகு தணிந்த குரலில், “பைய, அண்ணாச்சி. சத்தமில்லாமல்” என்றார். அதுவரை அவர் ‘பிரதர்’ என்றுதான் அழைத்திருந்தார்.

இதன் பின்விளைவுகளை முதலில் எழுதிவிடுகிறேன். தோல் ஓரிடத்தில் உரிந்திருந்தது; ஆழமாகப் போகவில்லை. டாக்டர் திட்டினார். சில வாரம் ஆர்கனுக்கு மறுபடி இழுப்பு வந்து, பிறகு சரியாகியது. முட்டி பிழைத்தது. ஐயருடைய கட்டளையை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. கீபோர்டு கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு ஆட்டோவில் போய்வந்தது. எங்கள் ஆராதனை முறையில் மட்டும் ஒரு புதிய அங்கம் சேர்ந்தது. பிரசங்கத்தின் நடுவே ஐயர் நிறுத்தி, கண்களை மூடி மௌன ஜெபத்தில் இருக்கச் சொல்லுவார். பக்கத்துச் சேகரத்தார் இதைப் பார்த்துவிட்டு, ஆழ்ந்த பக்தி என்று தாங்களும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எல்லோருக்கும் இரண்டு கால்.

அந்தப் பெரிய வெள்ளியன்று, கண்களை மூடச் சொன்னதும் நானும் மூடினேன். வார் அவிழும் சத்தம் கேட்டது. ஏதோ உறிஞ்சியது விடுபடுவதுபோல் ஒரு சின்னச் சத்தம். அதற்கு மேல் பொறுக்கவில்லை. திறந்து பார்த்தேன். பொருளாளர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்ரன் அக்கா பார்வைக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் குழு முழுதும், வெளியூர் ஐயர், கண்ணை மூடச் சொன்ன நம் ஐயர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சிவந்துபோன சின்னவனைத் தட்டியின் விளிம்பு மேல் தூக்கி வைத்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்த காற்றுக்குக் காட்டியிருந்தார். தலை பின்னால் ஆர்கன் மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கோயிலில் அப்போது கண்ணை மூடியிருந்தது அவர் ஒருவர்தான்.